உறுதி எழுதாத முப்பத்துநான்கு ஏக்கர்

2002 மார்ச் 9, சனி. லண்டன், சட்டன்.

காலை ஆறு மணி ஷிப்ட். ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு ஒன்பது பேரைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தேன். வலது தோள்மூட்டு இன்னும் நோகிறது. வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்க ரெலிபோன் அடித்தது. செவன் கிங்ஸிலிருந்து அண்ணை.

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை சும்மா எடுக்கிற ஆள் இல்லை. பொங்கலுக்கு ஒருதரம், அம்மாவின் திவசத்துக்கு ஒருதரம். இன்று குரல் இனித்தது. யுத்தநிறுத்தம் கையெழுத்தாகிவிட்டது, கண்டி வீதியைத் திறக்கப்போகிறார்கள், "இனி இலுப்பைவெளிக் காணியை நாங்கள் பாக்கவேணும் தம்பி" என்றார்.

பதினெட்டு வருசமாக அதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொன்னேன். நேரில் கதைப்போம் என்று வைத்துவிட்டார்.

யாரென்று மனுசி நகுலேஸ்வரி கேட்டாள். சொன்னேன். குழம்புச் சட்டியை எடுத்து வந்து வைத்தாள்.

மார்ச் 10, ஞாயிறு.

ஓய்வுநாள். மழை. நேற்றிலிருந்து தலைக்குள் இலுப்பைவெளிதான். நான் செய்தது என்ன என்று எனக்கே ஒருதரம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

சாவகச்சேரிக்குக் கிழக்கே, எங்கள் வீட்டுக்கு உடையார் வளவு என்று பெயர். அண்ணையை லண்டனில் படிக்க வைத்த அப்பா, இருபத்தெட்டு ஏக்கர் வயலை என் பெயருக்கு நன்கொடை உறுதிப் பத்திரம் முடித்தார். அதற்கு ஒட்டினாற்போல நகுலாவின் சீதனக் காணி ஆறு ஏக்கர். முப்பத்துநான்கையும் உழுது விதைத்து அறுத்தது பதினொரு குடும்பங்கள். அவர்கள் எங்கள் கிணற்றைத் தொடக்கூடாது. தாகம் என்றால் கையை ஏந்திக்கொண்டு நிற்கவேண்டும், யாராவது வந்து ஊற்றும் வரைக்கும். தேத்தண்ணீர் சிரட்டையில்.

எழுபத்தெட்டில் நான் அந்தக் குடும்பங்களில் ஒருவனான வல்லிபுரத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் துலாக்கயிற்றை அவன் கையில் கொடுத்தேன். அப்பா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமலே எண்பத்தொன்றில் செத்தார்.

எண்பத்துநாலு தை, அறுப்பு முடிந்த கையோடு பதினொரு குடும்பத்தையும் கூப்பிட்டேன். எல்லை வேலிக் கதியாலை நானே பிடுங்கினேன். உழுகிறவனுக்குத்தான் நிலம், இன்றிலிருந்து இது உங்களுடையது என்றேன். வல்லிபுரம் மட்டும் மெல்லக் கேட்டான், உறுதி எழுதித் தருவீர்களா என்று. காகிதம் எல்லாம் அவங்கட சட்டம், எங்களுக்கு எங்கட சொல் காணும் என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமை இயக்கத்துக்குப் போனேன். மகள் லக்‌ஷிகாவுக்கு அப்போது இரண்டு வயது.

எண்பத்தாறில் பெரிய இயக்கம் எங்கள் இயக்கத்தைத் தடைசெய்தது. ஆமிக்காரனும் தேடினான், எங்கட பெடியளும் தேடினார்கள். பதினேழு நாள் வல்லிபுரத்தின் பெண்சாதி பூரணம் என்னை வைக்கோல் போருக்குள் வைத்துச் சோறு போட்டாள். பிறகு படகு, இந்தியா, ஜேர்மனி. தொண்ணூறில்தான் நகுலாவும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். மூன்று வருசத்துக்கு முன் லண்டன்.

இதுதான் கதை. குற்றம் என்று அண்ணை சொன்னால் குற்றமாகவே இருக்கட்டும். திரும்பவும் எண்பத்துநாலு வந்தால் அதே கதியாலை அதே கையால் பிடுங்குவேன்.

மார்ச் 28, வியாழன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து நிகழ்ச்சிக்குக் கதிரை அடுக்க ஆள் கேட்டார்கள். போனேன். மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் மற்றவரிடம் "உவர் பழைய ஆள்" என்றார். அந்தப் "பழைய"வுக்குள் துரோகி என்ற சொல் இருந்தது எனக்குக் கேட்டது. நூற்றிருபது கதிரையையும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் வந்தேன். இடையில் விட்டுவிட்டுப் போவேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 9, செவ்வாய்.

வீதி திறந்துவிட்டார்கள். ரீவியில் பஸ்கள் வரிசையாகப் போகின்றன. நகுலா அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து நின்று பார்த்தாள். "சனம் போகுது" என்றாள்.

நான் போக முடியாது. பாஸ்போர்ட் இருக்கிறது, ஜேர்மன் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் இல்லை பிரச்சினை. சமாதானம் வந்தபிறகும் எங்கள் பழைய இயக்கத்து ஆட்கள் இரண்டுபேர் வீட்டு வாசலில் வைத்துச் சுடப்பட்டார்கள் என்று பாரிஸிலிருந்து போன கிழமைதான் செய்தி வந்தது.

மே 5, ஞாயிறு.

அண்ணையின் அறுபதாவது பிறந்தநாள். செவன் கிங்ஸுக்கு இரண்டு ரெயின் மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. நல்ல சனம். சாப்பாடு முடிந்ததும் என்னையும் நகுலாவையும் முன்னறைக்குக் கூப்பிட்டு, ஒரு பெரிய கடிதஉறையை மேசையில் வைத்தார்.

அற்றோணித் தத்துவம். நான் கையெழுத்து வைத்தால் இருபத்தெட்டு ஏக்கரையும் அவர் என் சார்பில் ஆளலாம், விற்கலாம். கொழும்பில் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டக் கேட்கிறாராம். நகுலாவின் ஆறு ஏக்கர் வீதிக்கரை என்பதால் அதையும் சேர்த்துத்தான் கேட்கிறாராம். சனத்தைக் காணியிலிருந்து எழுப்ப யாழ்ப்பாணத்தில் வக்கீல் பிடித்தாயிற்று.

என்னைக் கேட்காமல் என்ன வக்கீல் என்று கேட்டேன்.

"உன்னைக் கேட்டு என்ன காணப்போறன்? அப்பா சேர்த்ததை ஒரு பின்னேரத்தில வாரிக் குடுத்தனீ. அது உன்ர இல்லை, குடும்பத்தின்ர."

"அப்பா சேர்க்கேல்லை அண்ணை. அவங்கள் சேர்த்தது. அப்பா வாங்கினவர்."

அவருடைய முகம் கறுத்துவிட்டது. உன்னை ஜேர்மனிக்கு எடுத்தது நான், அந்த நேரம் உன்ர உழுகிறவன் எங்க இருந்தவன் என்றார். பூரணத்தின் வைக்கோல் போரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இவருக்கு அதைச் சொல்லிக் கொச்சைப்படுத்தக்கூடாது. கடிதஉறையைத் திறந்து, தாள்களை நாலாகக் கிழித்து, அவர் மேசையிலேயே வைத்தேன்.

"இனி இந்த வாசல் மிதிக்காதை."

"சரி அண்ணை."

ஸ்ரேஷனுக்கு நடந்து வரும்போது நகுலா இரண்டடி பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தேன். சப்பாத்து கடிக்குது என்றாள்.

மே 6, திங்கள்.

நெஞ்சு லேசாக இருக்கிறது. பதினாறு வருசத்துக்குப் பிறகு ஒரு சண்டை பிடித்த மாதிரி.

மே 23, வியாழன்.

ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் குரோய்டன் ஸ்ரேஷனில் வைத்து ஒரு கடிதம் தந்தார். பூரணத்தின் மகள் ஜெயகௌரி எழுதியது. அவளைக் கடைசியாகப் பார்த்தபோது பதினைந்து பதினாறு வயதிருக்கும். வரிகளை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"இரண்டாயிரத்தில் ஷெல்லடிக்கு ஓடினோம். அம்மா வடமராட்சி முகாமில் காய்ச்சல் வந்து செத்துப்போனா. அப்பா அதற்கு முன்னமே. இப்போது திரும்பி வந்து மேட்டில் கொட்டில் போட்டிருக்கிறோம். பதினொன்றில் ஒன்பது குடும்பம் வந்துவிட்டது, இரண்டு வரும். போன மாதம் வக்கீல் கடிதம் வந்தது. ஆவணி முடியமுன் எழும்பவேண்டுமாம், இல்லாவிட்டால் வேலி அடைப்பார்களாம். விதானையாரிடம் போனோம். உறுதி இருக்கோ என்று கேட்டார். நீங்கள் காணி தந்தீர்கள் ஐயா, உறுதி தரவில்லை. உங்கள் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் அரசாங்கக் கச்சேரிக்குப் போக ஏலாது."

மூன்றுதரம் வாசித்தேன்.

ஐயா என்று எழுதியிருக்கிறாள். எண்பத்துநாலில் எல்லாரையும் அண்ணை என்று கூப்பிடப் பழக்கினேனே.

காகிதம் அவங்கட சட்டமாம். எப்படிப் பேசியிருக்கிறேன்! பேசிவிட்டுப் போய்விட்டேன். அதே காகிதத்துக்காக அந்தப் பிள்ளை கச்சேரி வாசலில் நிற்கிறது.

யூன் 5, புதன்.

மகாராணியாருக்கு ஐம்பது வருசமாம், வார்ட் முழுக்கச் சின்னக் கொடிகள். ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு போன வயதான வெள்ளைக்காரி, பழைய சரித்திர ரீச்சராம், அந்தக் கொடிகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். லிப்டுக்குக் காத்து நிற்கும்போது ஊரில் என்ன வேலை என்று கேட்டாள். காணி இருந்தது, கொடுத்துவிட்டுத் துவக்குத் தூக்கினேன் என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது.

அவள் சிரிக்கவில்லை. இந்த நாட்டிலும் ஒருகாலத்தில் நிலக்காரர்கள் அரசனுக்கு எதிராகப் படை திரட்டினார்கள், அரசன் தலையை வெட்டினார்கள், ஆனால் தங்கள் நிலத்தை மட்டும் கவனமாக வைத்துக்கொண்டார்கள், நீ அவர்களைவிடத் துணிந்தவன் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு, உன் மனைவி அதற்கு என்ன சொன்னாள் என்று கேட்டாள். லிப்ட் வந்துவிட்டது.

யூன் 16, ஞாயிறு.

குளறுபடியான நாள்.

மத்தியானம் சாப்பிட்டபிறகு, லக்‌ஷிகாவும் இருக்கும்போது, என் முடிவைச் சொன்னேன். உறுதி எழுதப்போகிறேன். முப்பத்துநான்கு ஏக்கரும், பதினொரு குடும்பத்துக்கும், முறைப்படி. அண்ணை எந்த வக்கீலைப் பிடித்தாலும் ஒரு கதியால்கூட நட ஏலாது. குரோய்டனில் சண்முகராசா இருக்கிறார், ஊரில் நொத்தாரிசாக இருந்தவர், பத்திரம் எழுதித் தருவார். நான் போக ஏலாது, ஆரையாவது அனுப்புவம்.

நகுலா கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தெட்டு உங்கட" என்றாள். "ஆறு என்ர."

எனக்கு விளங்கவில்லை. அதுதான் உண்மை. முதலில் எனக்கு விளங்கவேயில்லை.

"அண்டைக்குக் கதியால் பிடுங்கேக்க என்னட்டக் கேட்டனீங்களோ? என்ர அப்பு எனக்குத் தந்த காணி. நான் குசினிக்குள்ள நிண்டு, வெளியில கைதட்டிற சத்தம் கேட்டுத்தான் அறிஞ்சனான்."

அது கொள்கைக்கான முடிவு, நாங்கள் எல்லாரும் விட்டுக்கொடுத்தோம் என்றேன். நாங்கள் எல்லாரும் என்றால் ஆர் என்று கேட்டாள். பதினெட்டு வருசம் சொல்லாததை ஒரு மணித்தியாலத்தில் சொன்னாள். நான் போன பிறகு ஆமி மூன்றுதரம் வளவுக்குள் வந்ததாம். ஒருதரம் ஆமிக் காம்புக்குக் கொண்டுபோய் ஒரு பகல் முழுக்கக் கதிரையில் இருத்தி வைத்தார்களாம், பிள்ளையை மடியில் வைத்தபடி. தாலிக்கொடி போனது எனக்குத் தெரியும். ஏன் போனது என்று நான் கேட்டதில்லை.

"எண்பத்தஞ்சு மாசியில வீட்டில அரிசி இல்லை. என்ர வயல்ல அறுப்பு நடக்குது. வரம்பு மட்டும் போனனான். ஒரு கடகம் நெல்லுக் கேப்பம் எண்டு. கேக்க ஏலாமல் திரும்பி வந்தனான். உங்கட புரட்சியட்ட நான் பிச்சை கேக்கிறதோ?"

லக்‌ஷிகா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, அம்மாட லாண்டை நீங்கள் கேக்காமலே குடுத்தீங்களா? தட்ஸ் சோ பியூடல்."

எழும்பி வெளியே போய்விட்டேன். பார்க்கில் இரண்டுதரம் சுற்றிவிட்டு வந்தேன்.

யூன் 17, திங்கள்.

பியூடல். நிலப்பிரபுத்துவமாம். என்னைப் பார்த்து.

யூன் 20, வியாழன்.

அவளும் கடைசியில் காணிக்காரிதான். உடையார் வளவுக்கு வாழ வந்தவள் அந்த வளவை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஒன்பது குடும்பம் கொட்டிலில் கிடக்கும்போது என்ர, உங்கட என்று கணக்கா? ஜெயகௌரியின் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்தாள். மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம் திருப்பித் தரவில்லை.

நான் செய்தது சரி. நூறுதரம் சரி.

யூலை 2, செவ்வாய்.

வீட்டில் பேச்சு, சோறு போடட்டோ, குப்பை வாளி வெளியில் வைத்தாயிற்றோ என்ற அளவில் இருக்கிறது.

யூலை 9, செவ்வாய்.

சண்முகராசாவிடம் போனேன். எழுபது வயதிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறார். உங்கள் இருபத்தெட்டுக்குப் பிரச்சினையில்லை, மனுசியின் சீதனக் காணி யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் வருகிறது என்றார். அதை நான் எழுதிக் கொடுக்க ஏலாது, அவதான் எழுதவேணும். ஆனால் அவவும் தனியாக எழுத ஏலாது. புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தால்தான் பெண்சாதி தன் காணியை விற்கலாம், கொடுக்கலாம்.

குடிசைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். மேட்டில். மேடு எதற்குள்? அந்த ஆறு ஏக்கருக்குள்.

"அப்ப நீர் இருபத்தெட்டையும் குடுத்தும், ஆக்கள் இருக்கிற வீடு உம்மட மனுசியின்ர கையில."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் காணியை அவளே தொட என் கையெழுத்து வேண்டும். இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கூட்டங்களில் அதைத் திட்டிக்கூடப் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தச் சட்டம் கேட்ட கையெழுத்துக்கூட இல்லாமல் அவள் காணியைக் கொடுத்திருக்கிறேன்.

வல்லிபுரத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவனைக் கேட்டேன், வாறியோ என்று. அவளை?

யூலை 23, செவ்வாய்.

எண்பத்துமூன்று யூலை நினைவு. ஆட்கள் மெழுகுதிரி கொளுத்தப் போனார்கள். நான் வீட்டில் நின்றேன். நகுலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து நானும் ஆய்ந்தேன். அந்த மாசியில் எந்த வரம்பு மட்டும் போனனீர் என்று கேட்டேன்.

"இலுப்பை மரத்தடி வரம்பு. பூரணம் என்னைக் கண்டவ. கை காட்டினவ. நான் காணாத மாதிரித் திரும்பினனான்."

பிறகு: "அவ பின்னேரம் நெல்லுக் கடகத்தோட வந்தவ. நான் கதவு திறக்கேல்லை."

கீரையை ஆய்ந்து முடித்தோம்.

ஆகஸ்ட் 8, வியாழன்.

அண்ணை வீட்டுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். எனக்கில்லை, நகுலாவுக்கு. ஆறு ஏக்கரையாவது தா, லக்‌ஷிகாவுக்கு இங்கே ஒரு வீடு வாங்க உதவும் என்றாராம். உன் புருஷனின் பைத்தியத்துக்கு நீ ஏன் பலியாகிறாய் என்றாராம். எல்லாவற்றையும் அவள் எனக்கு அப்படியே சொன்னாள்.

நீர் என்ன சொன்னனீர்?

"யோசிக்கிறன் எண்டனான்."

வாய்க்குள் வந்ததை விழுங்கினேன். யோசிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. விழுங்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆவணி முடிய ஐந்து கிழமைதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு.

நகுலா ஊருக்குப் போகிறாளாம். தானே போய்ப் பார்த்துத்தான் முடிவு எடுப்பாளாம். உமக்கு அங்கே ஆரும் இல்லையே என்றேன்.

"எனக்கு அங்க காணி இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன். குரோய்டன்.

இரண்டு பத்திரம். ஒன்று, என் இருபத்தெட்டு ஏக்கரையும் இலுப்பைவெளிப் பதினொரு குடும்பத்துக்கும் எழுதிக் கொடுக்க நகுலேஸ்வரிக்கு நான் தரும் அற்றோணித் தத்துவம். குடும்பத்தில் யார் பெயருக்கு எழுதுவது என்று சண்முகராசா கேட்டார். அவ அங்கே பார்த்து எழுதட்டும் என்றேன்.

இரண்டாவது, அவளுடைய ஆறு ஏக்கருக்கு என் சம்மதம். ஆருக்குக் கொடுக்கச் சம்மதம் என்று போடவேணும், வழக்கமாக அப்படித்தான் என்றார். நகுலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதை அண்ணைக்கும் எழுதலாம். மேட்டில் மண்டபம் எழும்பலாம். ஜெயகௌரி எனக்கு இன்னொரு கடிதம் எழுதமாட்டாள், எழுத ஒன்றும் இராது. பேனை கையில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, சண்முகராசா இருமினார்.

"ஒண்டும் போடவேண்டாம். அவவின்ர காணி. அவவின்ர விருப்பம்."

"பிறகு கவலைப்படக் கூடாது பரமேஸ்வரன்."

"கவலைப்பட்டால் அது என்ர பாடு."

கையெழுத்து வைத்தேன். வெளியே வந்ததும் நகுலா என்னைத் திரும்பிப் பார்த்தாள், சந்தையில் தெரிந்த முகத்தைக் கண்ட மாதிரி. தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டாள். குடித்தோம்.

ஆகஸ்ட் 24, சனி.

ஹீத்ரோவில் ஏற்றிவிட்டு வந்தோம், நானும் லக்‌ஷிகாவும். என்ன செய்யப்போகிறீர் என்று நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் மூன்றுதரம் வந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

செப்ரெம்பர் 5, வியாழன்.

சாவகச்சேரியில் ஒரு கொமினிக்கேஷன் கடையிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். லைன் கரகரத்தது. போய்ச் சேர்ந்தாயிற்று, ஜெயகௌரியின் கொட்டிலில்தான் நிற்கிறாளாம். உடையார் வளவில் கூரை இல்லையாம், சுவர் மட்டும். கிணறு இருக்கிறதாம். அண்ணையின் ஆள் வேலிக் கம்பிச் சுருள்களை லொறியில் கொண்டுவந்து வீதிக்கரையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறானாம்.

இவ்வளவும் சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கேட்க வேண்டியது வேறு. கேட்கவில்லை.

செப்ரெம்பர் 11, புதன்.

லக்‌ஷிகா சொல்கிறாள்: அப்பா, யூ ட்ரஸ்டட் ஹெர், நவ் ட்ரஸ்ட் ஹெர். சொல்லச் சுகம். அவளுக்கு வல்லிபுரத்தைத் தெரியாது.

நாலு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இருந்தாலும் ஒன்று, நான் வைத்த கையெழுத்தைத் திரும்ப வாங்கமாட்டேன். என்ன வந்தாலும்.

செப்ரெம்பர் 29, ஞாயிறு.

கடிதம். நகுலாவின் கையெழுத்து, நாலு பக்கம். முதல் பக்கம் முழுக்க லக்‌ஷிகாவுக்குப் புத்திமதி. இரண்டாவதில்தான் விசயம்.

கம்பி கொண்டுவந்தவன் கதியால் நடத் தொடங்கிய அன்று இவள் போய்க் குழிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். நீங்கள் ஆர் என்று கேட்டானாம். இந்தக் காணிக்காரி என்றாளாம். உறுதியைக் காட்டியிருக்கிறாள். நகுலேஸ்வரி என்ற பெயரை வாசித்துவிட்டு, எனக்குச் சொன்ன ஆள் வேறை அம்மா என்று சொல்லிக் கம்பியை ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். துவக்கு இல்லை, கூட்டம் இல்லை, பேச்சு இல்லை. நான் நடுக்கூடத்தில் நின்று இந்த இடத்தை உரத்து வாசித்தேன், கேட்க ஒருவரும் இல்லாமல்.

என் இருபத்தெட்டு ஏக்கருக்கும் பதினொரு உறுதி. எல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்கள் பெயரில். அவள் எழுதியதை அப்படியே:

"ஆம்பிளையள் பேரில எழுதினா நாளைக்கு ஒருத்தன் கைதட்டு வாங்கிறதுக்குத் தூக்கிக் குடுத்திடுவான். அதாலை பொம்பிளையளுக்கு எழுதினனான். கோவிக்காதேங்கோ."

சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறு ஏக்கரில், குடிசைகள் நிற்கும் மேட்டில் இரண்டு ஏக்கரைப் பதினொரு வீட்டுவளவாக எழுதிவிட்டாள். மிச்சம் நாலு ஏக்கர் அவள் பெயரிலேயே இருக்கிறது. அதைக் கொடுக்கமாட்டாளாம். "ஒருத்தரும் கேக்கவும் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். ஜெயகௌரியோடு சேர்ந்து இந்த மாரிக்குத் தானே விதைக்கப்போகிறாளாம். மண்வெட்டி பிடித்துக் கையில் கொப்புளமாம். டிக்கெட்டை மாற்றச் சொல்லியிருக்கிறாள்.

ஒக்ரோபர் 20, ஞாயிறு.

மத்தியானம் பெல் அடித்தது. அண்ணை. தன் வாசலை மிதிக்காதே என்றவர் என் வாசலில் நிற்கிறார். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. மழைக்கோட்டைக் கழற்றாமல் படியில் நின்றபடி, "உடையார் வளவை முடிச்சிட்டாய்" என்றார்.

"நானில்லை அண்ணை. அவதான் முடிச்சவ. நான் தொடங்கினதோட சரி."

மனுசியை வைத்து அண்ணனை அவமானப்படுத்திவிட்டாய், ஊரில் யார் முகத்தில் இனி முழிப்பேன் என்றார். ஊரில் உங்கட முகத்தைத் தெரிஞ்ச ஆள் ஆரும் உயிரோட இல்லை அண்ணை, ஷெல்லடியில போனது போக மிச்சம் அந்தப் பதினொரு குடும்பம்தான் என்றேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க ஒருமாதிரி இருந்தது. அறுபது வயது. குடையைக்கூடக் கொண்டுவரவில்லை.

இருந்தாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. ஸ்ரேஷன் வரைக்கும் என் குடையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

டிசம்பர் 15, ஞாயிறு.

நகுலா எடுத்தாள். வெள்ளமாம். நாலு ஏக்கரில் ஒன்று அழுகிவிட்டதாம். உமக்கு ஏன் இந்த வேலை, வந்துவிடும் என்றேன். அப்பு செத்த வருசம் இதைவிட வெள்ளம் என்றாள்.

என்ன நெல்லு விதைச்சனீர் என்று கேட்டேன். மொட்டைக்கறுப்பனாம். எங்கள் இருபத்தெட்டில் அந்தநாளில் என்ன நெல்லு நின்றது என்று அவளிடமே கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2003 பெப்ரவரி 2, ஞாயிறு.

அறுப்பு முடிந்துவிட்டது என்று போன கிழமை சொன்னாள். சூடு அடித்து நெல் பிரிக்க எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்களாம், இவளும் அவர்களுடையதற்குப் போனாளாம். அப்படியென்றால் வாற மாதம் வாறீரோ என்று கேட்டேன். சித்திரை வரைக்கும் நிற்கப்போகிறாளாம், பிறகு பார்ப்பாளாம். உடையார் வளவுச் சுவர்களுக்குப் பக்கத்தில் ஒரு அறை போடுகிறாளாம்.

"நான் ஒருக்கா வரட்டோ?"

"இப்ப வேண்டாம். இஞ்ச இன்னும் ஆக்கள் விசாரிக்கினம். வரலாமெண்டா நான் சொல்லுறன்."

சரி என்றேன்.

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறேன் என்றாள். காலை ஷிப்ட் முடித்து வந்து சோறு காய்ச்சினேன், உடுப்புத் தோய்த்தேன். லக்‌ஷிகா படிக்கப் போய்விட்டாள். இரண்டரைக்கே கதிரையை இழுத்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருக்கிறேன்.